கடைசிக்கு முந்தின ஸ்லைடு

முதல் ஸ்லைடில் மயில் இடப்பக்கத்திலிருந்து பறந்து வர வேண்டும். வந்து வேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் ‘வெற்றிவேல்’ என்கிற எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குதிக்க வேண்டும். சில நாள் மயில் பாதி வழியில் நின்றுவிடும். அது கிளம்பும்வரை தரணீதரன் டீயைத் தொடமாட்டார். ஆறிப்போய் ஆடை கட்டினாலும் சரி.

மங்கலம் சாலையிலுள்ள ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவர் சாயப் பிரிவுக்கு மேனேஜர். தொழில் தெரிந்த மனிதர். ஈரத் துணியைக் கையில் பிழிந்து பார்த்தே எந்த அலசலை வேலையாள் செய்யாமல் விட்டான் என்று சொல்லிவிடுவார். சொல்லிவிடுவார் என்றால், ஸ்லைடு போட்டுத்தான் சொல்வார். முதலில் முருகன். அடுத்து மாலை போட்ட பெரிய முதலாளி. பிறகு ட்ரோனில் எடுத்த கம்பெனிக் கட்டடம், வாங்கிய கேடயங்கள், தொலைநோக்கு. ஒவ்வொன்றையும் கேட்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுத்து விடாமல் வாசிப்பார். நடுநடுவே, “அடுத்ததா பாத்தீங்கன்னா...” பார்க்காமல் இருக்க யாருக்குத்தான் வழியிருக்கிறது?

வீட்டில் ஃபிரிட்ஜ் மாற்றுவதற்குக்கூட ஸ்லைடு உண்டு. மனைவி சாரதாமணி இரண்டாவது ஸ்லைடில், “குக்கர் விசிலடிக்குதுங்க” என்று எழுந்து போவாள். அடுப்பில் குக்கரே இருக்காது.

கெட்ட சேதிக்கு அவரிடம் ஒதுக்கப்பட்ட இடம் ஒன்றுதான்: நன்றி சொல்லும் ஸ்லைடுக்கு முந்தினது. ஏன் என்று கேட்டால் அவருக்கே வருத்தமாகிவிடும். “எடுத்த ஒடனே எழவுச் சேதியாட்டம் சொல்ல முடியுமுங்களா? மொதல்ல நாலு நல்லது காட்டோணும். பொறவு மெதுவாச் சொல்லோணும். அதுதானுங்க மரியாத.”

போன வாரம் அந்த மரியாதை கம்பெனியையே காவு வாங்கப் பார்த்தது. குழந்தைகள் டி-சர்ட், உடம்பு வெள்ளை, கழுத்துப்பட்டி சிவப்பு. பெட்டி பெட்டியாகத் தூத்துக்குடி லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்டு ஒன்றைத் துவைத்துப் பார்த்தார் தரணீதரன். சிவப்பு அப்படியே வெள்ளையில் இறங்கியது. அந்தச் சரக்கு போய்ச் சேர்ந்தால், வாங்குகிற வெளிநாட்டு பையர் கைவிட்டுப் போய்விடுவான். அவனை நம்பித்தான் கம்பெனியே ஓடுகிறது. லாரியை நிறுத்தும் அதிகாரம் முதலாளி திருமூர்த்தி ஒருவருக்குத்தான். வேறு யாராயிருந்தாலும் துணியும் கையுமாக அவரிடம் ஓடியிருப்பார்கள். இவர் லேப்டாப்பைத் திறந்தார்.

“சார், தார்ப்பாய் கட்டீட்டிருக்காங்க. நேரா போய்ச் சொல்லுங்க!” என்று பதறினாள் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பூங்குழலி.

“சித்தெ இரும்மா. மயில் வந்துரட்டும்.”

மயில் வந்தது. பல்லடத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பிய கோலத்தில், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார் திருமூர்த்தி. அப்பாவின் படத்துக்குக் கும்பிடு போட்டார். கட்டடத்தைச் சுற்றி ட்ரோன் பறந்தபோது கைபேசியைப் பார்த்தார். கேடயங்கள் வந்தபோது கொட்டாவி விட்டார்.

“ஏனுங்க தரணி, விசயம் இன்னைக்கு வந்துருமுங்களா?”

“வந்துட்டே இருக்குதுங்க சார். அடுத்ததா பாத்தீங்கன்னா, நம்ம தொலைநோக்குங்க.”

வெளியே லாரி உறுமியது. முதலாளி எழுந்துவிட்டார். “மீதிய நாளைக்குப் பாக்கலாமுங்க. பொண்ணு மாப்பளைய மேடையேத்திருப்பாங்க.”

தரணீதரன் மீதி ஸ்லைடுகளை எண்ணிப் பார்த்தார். விஷயம் இன்னும் ஒன்பது ஸ்லைடு தள்ளியிருந்தது. தாவிப் போகலாம்தான், ஆனால் நடுவில் முதலாளியம்மா குத்துவிளக்கு ஏற்றும் படம் இருக்கிறது, அதை எப்படித் தாண்டுவது?

“சார், அந்தத் துவச்ச துணி எங்கீங்க?” என்றாள் பூங்குழலி.

“பையிலதான் இருக்குது. ஈரத் துணியப் போய் மொதலாளி கையில குடுக்கறதா?”

அவள் பையைத் திறந்தாள், எடுத்தாள், கொடுத்தே விட்டாள். என்ன ஏதென்று புரியாமல் முதலாளி அதை உதறிப் பிரித்தார். ஈரக் கழுத்துப்பட்டி அவர் நெஞ்சில் சப்பென்று ஒட்டி விழுந்தது. குனிந்து சட்டையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

“நம்ம சரக்குங்களா?”

“ஆமாங்க சார்.” வாழ்க்கையில் தரணீதரன் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான்.

திருமூர்த்தி வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, “கேட்டச் சாத்துங்க! லாரி நவுரப்படாது!” என்று கத்தினார். பிறகு கறையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, “இதச் சொல்றதுக்குத்தானுங்களா இத்தன நேரம்?” என்று திரும்பினார்.

தரணீதரன் அதற்குள் கைபேசியோடு மிக நெருக்கத்தில் வந்திருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு பரவசம்.

“சித்தெ அப்பிடியே நில்லுங்க சார், ஸ்லைடுக்கு ஆகுமுங்க” என்று சொல்லி, முதலாளியின் கையை நெஞ்சிலிருந்து மிகுந்த மரியாதையோடு விலக்கிவிட்டு, போட்டோ எடுத்தார்.