ரொட்டி நிறத்தில் ஒரு பிளக்

ஒருநாள் சாயங்காலம் எங்கள் கடையில் விற்ற பன் எல்லாவற்றிலும் இன்ஜின் ஆயில் வாடை அடித்தது. முதலில் திருப்பிக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டுத் தையல்காரர். ஒரு கடி கடித்த பன்னைக் கண்ணாடி அலமாரி மேல் வைத்துவிட்டு, "ஏம்மா, இது வாயில போடுறதா, வண்டியில போடுறதா?" என்று கேட்டார்.

கல்லாவில் நான் இருந்தேன். அக்காவைக் கூப்பிட்டேன். அவள் பன்னைப் பிட்டு முகர்ந்து பார்த்தாள். நேரே அடுப்பறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அங்கே மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், மாவு பிசையும் மேடைக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து எதையோ துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அடுப்புல என்ன வச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல. மத்தியானம் சும்மாதானே கிடந்துச்சு. கொஞ்ச நேரம்தான் வச்சேன்."

"எதை?"

"இன்ஜினோட பாதியை."

அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். மாமா அவசர அவசரமாக விளக்கினார். இன்ஜின் கூட்டைச் சூடு பண்ணினால் அதிலிருக்கும் ஓட்டை கொஞ்சம் விரியும். பேரிங் தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். சுத்தியலால் அடித்தால் கூடு விரிசல் விட்டுவிடும். "பாரேன், எவ்வளவு அழகா உக்காந்திருக்குன்னு" என்று அதை அவளிடம் நீட்டினார்.

"அழகாத்தான் இருக்கு. இத்தனை பன்னையும் நீங்களே சாப்பிடுங்க" என்றாள் அக்கா.

அன்றைக்குத்தான் மாமா ரேஸ் சைக்கிள் செய்வது ஊருக்கே தெரிந்தது.

அப்பா போனபிறகு அந்த ரொட்டிக்கடையை அக்காவும் நானும்தான் நடத்தினோம். அடுப்பு அவள் பொறுப்பு, கல்லா என் பொறுப்பு. மாமா அப்போது மாவு மில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மூட்டை இறக்க வருகிறவர் மூட்டை இறக்கியபிறகும் போகாமல் நிற்கிறாரே என்று நான்தான் முதலில் கவனித்தேன். கல்யாணம் ஆனதும் லாரியை விட்டுவிட்டு, ரொட்டியைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் போடும் வேலையை எடுத்துக்கொண்டார். அதிகம் பேசமாட்டார். பேசினால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார், மீதியை நாம்தான் முடிக்கவேண்டும்.

எங்கள் ரொட்டி போகவேண்டிய ஆஸ்பத்திரியும் பள்ளி விடுதியும் மேட்டுக்கு மேலே இருந்தன. மேட்டை மிதித்து ஏறுவதற்குள் ரொட்டி ஆறிவிடும். அதற்காகத்தான் பழைய புல்வெட்டும் இயந்திரம் ஒன்றின் இன்ஜினைச் சைக்கிளில் மாட்டினார். அது கொசு கத்துவதுபோல் கத்திக்கொண்டு மேடு ஏறும். இதைப் பார்த்த பால்காரர் சும்மா இருப்பாரா? அவரும் தன் சைக்கிளுக்கு ஒன்று மாட்டிக்கொண்டார். அதிலிருந்து தினமும் விடியற்காலையில் மேட்டுத் தெருவில் பால் கேன்கள் ஒருபக்கமும் ரொட்டிப் பெட்டி ஒருபக்கமும் தடதடவென்று போட்டி போடும். தெருக்காரர்களுக்கு அலாரம் தேவைப்படவில்லை.

ஊருக்கு வெளியே விமானம் இறங்குவது எப்போதோ நின்றுபோன ஓடுபாதை ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை மெக்கானிக்குகள் எல்லாம் சேர்ந்து அங்கே மோட்டார் சைக்கிள் ரேஸ் நடத்துவார்கள். மோட்டார் சைக்கிள் என்றால் நிஜமாகவே மோட்டார் வைத்த சைக்கிள். பெடல் இருந்தே ஆகவேண்டும், மிதித்துத்தான் கிளப்பவேண்டும், அதற்கு மேல் யார் என்ன செய்தாலும் கேள்வி கிடையாது. பால்காரர் பெயர் கொடுத்துவிட்டார் என்று தெரிந்ததும் மாமாவும் கொடுத்தார்.

புல்வெட்டி இன்ஜின் அதற்குப் போதாது. விபத்தில் நசுங்கிய மொபெட் ஒன்றிலிருந்து இன்ஜின் கிடைத்தது. வெல்டர் சைக்கிள் சட்டத்துக்குக் குறுக்கே குழாய் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். அடுப்பறைக்குப் பின்னால் மாவு மூட்டைகள் அடுக்கிய அறைதான் பட்டறை. மத்தியானங்களில் மாமா அங்கே உட்கார்ந்து சிலிண்டருக்குள் இருக்கும் துவாரங்களை மெல்லிய அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். இரண்டு தேய்ப்பு, ஒரு ஊதல், விரலை விட்டுத் தடவிப் பார்த்தல், மறுபடி இரண்டு தேய்ப்பு. புகை போகும் துவாரம் ஒரு மயிரிழை உயர்ந்தாலும் வண்டியின் குணமே மாறிவிடுமாம்.

சைலன்சருக்குத் தகடு தேவைப்பட்டபோது அக்காவின் பழைய ரொட்டித் தட்டுகள் இரண்டு காணாமல் போயின. கொஞ்ச நாளில் அவை, எலியை விழுங்கிய பாம்புபோல் நடுவில் வயிறு வீங்கிய குழாயாகத் திரும்பி வந்தன. "எரியாமத் தப்பிச்சு ஓடுற பெட்ரோலை இந்த வயிறு திருப்பி உள்ள தள்ளும். சாதாரணக் குழாய்ல…" என்று ஆரம்பித்து மாமா நிறுத்திக்கொண்டார்.

"என் தட்டு ரெண்டும் போச்சு" என்று வாக்கியத்தை அக்கா முடித்தாள்.

வண்டி ஓடியது, ஆனால் முழு வேகத்தில் இருமியது. ஓடுபாதையில் முழுசாக முறுக்கி ஓட்டிவிட்டு, சட்டென்று இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைப் பார்ப்பார். காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலந்திருக்கிறதா என்று அந்த நிறம் சொல்லிவிடுமாம். மாமாவுக்கோ பழுப்பெல்லாம் ஒரே பழுப்புதான். ஒரு மத்தியானம் பிளக்கை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு தூக்கிக்கொண்டு போன அக்கா போகிறபோக்கில், "கருகிப்போச்சு. சூட்டைக் குறைங்க" என்றாள்.

"இல்ல, கருகல. கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகம்னு அர்த்தம், வேகவே இல்லன்னு அர்த்தம். வெள்ளையா இருந்தாத்தான் சூடு அதிகம்."

அக்கா சிரித்துவிட்டாள். "அப்ப இது தலைகீழ் அடுப்பு."

சிரித்தவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பிளக்கை வாங்கிப் பார்த்தாள். ரெண்டுக்கும் நடுவில் எந்த நிறம் வேண்டும் என்று கேட்டாள். மாமா அலமாரியில் இருந்த பால் பன்னின் மேல்தோலைக் காட்டினார். அது போதும் அவளுக்கு. அதன்பிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட் எதைப் போடுவது, பெரிய துளையா சின்னத் துளையா என்பதை அவள் கண்தான் முடிவு செய்தது. திட்டிக்கொண்டேதான் செய்தாள். ஆனால் பிளக் கொண்டுவர நேரமானால், "என்ன, இன்னிக்கு ஓட்டலையா?" என்று அவளே கேட்பாள்.

ரேஸ் அன்று காலையில் நல்ல குளிர். வண்டியை நாங்கள் பழக்கியதெல்லாம் மொட்டை வெயிலில். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். அக்கா கையைக் காற்றில் நீட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய ஜெட் போடுங்க, இன்னிக்கு வெள்ளையாயிடும்" என்றாள். பெரிய ஜெட் போட்டால் வேகம் கொஞ்சம் மந்தமாகும் என்று மாமாவுக்குப் பயம். பால்காரர் பக்கத்தில் நின்று வண்டியை முறுக்கிப் புகைவிட்டுக்கொண்டிருந்தார் வேறு. மாமா கேட்கவில்லை.

மூன்றாவது சுற்றில் நேர்கோட்டில் பால்காரரைத் தாண்டினார். தாண்டிய நிமிஷம் இன்ஜின் சத்தம் வெட்டினாற்போல் நின்றது. சூடு தாங்காமல் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, மாமா தலைக்குப்புறப் போனார். எனக்குக் கத்தத்தான் தெரிந்தது. அக்கா ஓடினாள். பால்காரர் ரேஸை விட்டுவிட்டுத் திரும்பி வந்து மாமாவின் ஹெல்மெட்டைக் கழற்றினார். கழுத்துக்கீழ் எலும்பு முறிந்து, தோள்பட்டையும் நகர்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மாமா சொன்ன முதல் வார்த்தை, "பெரிய ஜெட்…"

"பேசாம படுங்க" என்றாள் அக்கா. அன்றைக்கு அவர் வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை.

மறுநாள் ரொட்டி யார் கொண்டுபோவது? எனக்குச் சைக்கிளே சரியாக வராது. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு புல்வெட்டி இன்ஜின் வண்டியைக் கிளப்பினாள். முதல் சில நாள் பால்காரர் மரியாதைக்காக மெதுவாகப் பின்னாலேயே வந்தார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் மேட்டின் பாதியில் திரும்பிப் பார்த்து, "பால்காரரே, சீக்கிரம் வாங்க, பால் தயிராயிடப்போகுது!" என்று கத்திவிட்டுப் போனாள். அதோடு மரியாதை போயிற்று, பழையபடி தடதட ஆரம்பித்தது.

மாமாவின் எலும்பு கூடியது. ஆனால் கை தோளுக்கு மேல் எழவில்லை. குனிந்து ரேஸ் வண்டியைப் பிடிக்க முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமா கல்லாவுக்கு வந்தார், நான் அக்காவோடு அடுப்புக்குப் போனேன். பிஸ்டனை மாற்றிப் பூட்டிய வண்டி மூட்டைகளுக்கு நடுவே மாவுத்தூசி படிந்து நின்றது. அந்தப் பக்கம் போகாமலிருக்க மாமா வாசல் வழியாகச் சுற்றி வருவார்.

ஒரு மத்தியானம் அக்காவைக் காணவில்லை, வண்டியையும் காணவில்லை. மாமா தெருவுக்கும் கடைக்குமாக நடந்தார். அவள் திரும்பி வந்தபோது தலைமுடி அவிழ்ந்து, முகமெல்லாம் புழுதி. கண் மட்டும் பளபளவென்று இருந்தது.

"உங்க வண்டி மெதுவாப் போனா செத்த மாடு மாதிரி கிடக்கு. ஒரு அளவு தாண்டிட்டா பேய் புடிச்ச மாதிரி ஓடுது. நடுவுல ஒண்ணுமே இல்ல. இப்படியா செய்வீங்க?"

மாமா அவளைத் திட்டுவார் என்று நான் நினைத்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, சைலன்சரைத் தொட்டு, கையைச் சுட்டுக்கொண்டார். "குழாய் கழுத்து நீளம் பத்தல" என்றார்.

அன்றிலிருந்து மறுபடி அரம், மறுபடி தகடு. சட்டத்தை வெல்டர் அவள் உயரத்துக்குச் சின்னதாக்கிக் கொடுத்தார். பின்சக்கரத்துப் பல்சக்கரம் மாறியது. சொந்தக்காரர்கள் வந்து பேசிப் பார்த்தார்கள். "குடும்பப் பொண்ணு இப்படி…" என்று பெரியம்மா இழுத்தபோது மாமாவே, "குடும்பம்தான் பெரியம்மா, வண்டியைத் தள்ளுறதுக்கு நாங்க எல்லாரும் போறோம்" என்றார். அவர் முழுசாக முடித்த சில வாக்கியங்களில் அது ஒன்று.

ரேஸ் நெருங்க நெருங்க ஒரு விஷயம் அக்காவை அரித்தது. வண்டி முன்னைப்போல் பாயவில்லை. பிளக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கறுத்தே வந்தது. ஜெட் மாற்றினாலும் அதே கதைதான். கேட்டால் மாமா, "சரியாத்தான் இருக்கு" என்று வேறு பக்கம் பார்ப்பார்.

ஒருநாள் மாவு மேடையைத் துடைத்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றி அங்கேயே பிரித்தாள். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது மேலே ஏறும் உருளை ஒன்று அதற்குள் உண்டு. அதன் தலைக்கு மேல் சின்னக் குழாய்த் துண்டு ஒன்று செருகியிருந்தது. கையை எவ்வளவு முறுக்கினாலும் உருளை முக்கால்வாசிக்கு மேல் ஏறாதபடி யாரோ தடுத்து வைத்திருந்தார்கள். யாரோ என்ன, அந்த வீட்டில் அது தெரிந்தவர் ஒருவர்தான்.

மாமாவைக் கூப்பிட்டாள். துண்டைக் காட்டினாள்.

"நான் விழுந்துருவேன்னு பயமா?"

மாமா தலை குனிந்துகொண்டார். "எனக்கு அந்தச் சத்தம் நின்ன நிமிஷம் ஞாபகம் வருது. நீ விழுந்தா நான்…"

அக்கா அவருக்காகக் காத்திருந்தாள். அவர் முடிக்கவில்லை.

"நீங்க விழுந்தப்ப நான் என்ன பண்ணேன்?"

"ரொட்டி கொண்டுபோய்ப் போட்ட."

"பயம் இல்லாமலா போட்டேன்? உங்க வண்டியை நான் தடுத்து வச்சேனா?"

நான் மாவு பிசைவதுபோல் கையை மாவுக்குள் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். மாமா அந்தத் துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உருளையைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, அவள் கண்முன்னாலேயே பூட்டினார். முறுக்கிப் பார்க்கச் சொன்னார். உருளை மேல்வரை போய் 'டக்'கென்று முட்டியது.

"பயமாத்தான் இருக்கும். அதை என்கிட்ட சொல்லுங்க. வண்டிக்குள்ள ஒளிச்சு வைக்காதீங்க" என்றாள் அக்கா.

அந்த வருஷ ரேஸுக்கும் குளிர்தான். இந்தத் தடவை அக்கா கேட்காமலே பெரிய ஜெட்டை மாமா எடுத்து வைத்திருந்தார். பெண் ஓட்டுகிறாள் என்று கூட்டம் சிரித்தது. அக்கா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பெடலை மிதித்தாள்.

நான் வண்டிகளைப் பார்த்தேன். மாமா பார்க்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அத்தனை இன்ஜின் சத்தத்தில் எங்கள் வண்டியின் குரலை மட்டும் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அது தூரத்தில் திரும்பும்போது அவர் மூச்சும் நிற்கும், நேர்கோட்டில் மறுபடி எகிறும்போது மூச்சு வரும். கடைசிச் சுற்றில் அக்காவும் பால்காரரும் ஒட்டினாற்போல் வந்தார்கள். அரைச் சக்கர நீளத்தில் பால்காரர் முந்திவிட்டார்.

அக்கா நிறுத்தியதும் மாமா ஓடிப்போய் முதலில் பிளக்கைக் கழற்றினார். இருவரும் தலையோடு தலை முட்டி அதைப் பார்த்தார்கள். பால்காரர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஜெயிச்சவன் நான் இங்க நிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் எதைப் பார்த்து இப்படிப் பூரிச்சுப்போறீங்க?" என்று கேட்டார்.

அதற்கப்புறமும் சில வருஷம் ஓட்டினாள். மழைத்தூறல் விழுந்து பாதிப் பேர் வராமல் போன ஒரு வருஷம் முதலாவதாகவும் வந்தாள். அதை அவள் வெற்றியாகக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மாமா மட்டும் கடைக்கு ரொட்டி வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். சொல்வதற்கு ஆள் தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு ஓடுபாதையில் கிடங்குகள் கட்டினார்கள். ரேஸ் நின்றது. வண்டியை வெல்டர் கேட்டார், கொடுத்தோம்.

மாமா போய்ச் சில வருஷம் ஆகிறது. கடையை இப்போது என் மகளும் மருமகனும் பார்க்கிறார்கள். ரொட்டி வேனில் போகிறது. அக்கா என்னோடுதான் இருக்கிறாள். மூட்டுவலியைத் தவிர வேறு குறை கிடையாது.

போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அக்கா, அவ்வளவு வேகத்துல போகும்போது மனசுல என்ன ஓடும்?"

யோசித்தாள். "ஒண்ணும் ஓடாது. மாவு, கடை, உடம்பு எதுவும் ஞாபகத்துல இருக்காது. ஆனா திரும்புற இடத்துல மட்டும், வேலிக்கிட்ட இவர் கண்ணை மூடிட்டு நிப்பாரேன்னு சிரிப்பு வரும்."

"உனக்கு அது தெரியுமா?"

"எல்லாச் சுத்துலயும் பார்த்தேனே" என்றாள். போர்வையின் இரண்டு முனையை என் பக்கம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன், இருவருமாக உதறி மடித்தோம்.