மார்பில் இல்லாத மச்சம்

என் பயோடேட்டாவை முதன்முதலில் முழுசாக வாசித்தவன்தான் என் மண்டையை உடைத்தவன். அதை டைப் அடித்துக் கொடுத்த அக்காவைக் கணக்கில் சேர்க்க முடியாது. டைப் அடிக்கிறவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள், எழுதியிருப்பதைப் பார்க்க மாட்டார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர்த்தெரு சாதிக்காரர்கள் எங்கள் பக்கத்தில் சாலைகளை மறித்துக்கொண்டிருந்த காலம். வழியெல்லாம் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருப்பார்கள். நான் பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, மெட்ராஸில் ஒரு வருடம் கம்ப்யூட்டர் டிப்ளமோவும் படித்துவிட்டு ஊரில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். மகன் பட்டமும் டிப்ளமோவும் வாங்கியும் வீட்டில் இருக்கிறானே என்று தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் மெட்ராஸில் ஒரு கம்பெனி புரோகிராமர் வேலைக்கு அந்த மாதத்துக்குள் நேரில் வரச் சொல்லி பேப்பரில் விளம்பரம் கொடுத்தது. பயோடேட்டாவோடு வர வேண்டும். அந்த வேலையை விட்டால் எனக்கும் கத்திதான், கரும்புதான் என்று எனக்குத் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியில் அந்த அக்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் மேற்கே கல்வராயன் மலை தெரியும், ஆனால் அவள் திறக்க மாட்டாள், காகிதம் பறக்குமாம். எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் அரசாங்க வேலையைத் தவிர வேறெதற்கும் விண்ணப்பம் போட்டதில்லை. அதனால் அவளிடம் ஒரே அச்சுதான் இருந்தது. பெயர், தகப்பனார் பெயர், மதம், கம்யூனிட்டி, தெருவோடு முகவரி, அங்க அடையாளம் இரண்டு. கலெக்டர் ஆபீஸ் பியூனுக்கும் அதுதான், கம்ப்யூட்டர்காரனுக்கும் அதுதான்.

அங்க அடையாளம் என்பது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருப்பதுதான். அதற்கு இரண்டு வேண்டும், எனக்கு ஒன்றுதான் இருந்தது. சின்ன வயதில் அப்பாவோடு கரும்பு வெட்டப் போய் இடது ஆள்காட்டி விரலில் வாங்கிய தழும்பு. இன்னொன்றுக்கு எங்கள் வாத்தியார் கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வலது மார்பில் ஒரு மச்சம் என்று எழுதிக்கொண்டார். "எவன்டா ஒன் சட்டையக் கழட்டிப் பாக்கப் போறான்?" என்றார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அவர் வைத்த மச்சம்தான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மச்சம் இல்லாதவனுக்குப் பரீட்சை இல்லை என்றால் பாவம் அவர் என்ன செய்வார்?

ஆக பயோடேட்டா மூன்று பக்கம் வந்தது. நான் எழுதிய புரோகிராம் மூன்றாம் பக்கத்தின் கடைசியில், பொழுதுபோக்குக்குக் கீழே ஒற்றை வரியாகக் கிடந்தது. கைப்பந்துக்கு மூன்று வரி.

அதை ஃபைலில் போட்டுக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறினேன். தியாகதுருகம் தாண்டியதும் பஸ் நின்றது. ரோட்டின் குறுக்கே மரம். கத்தியும் கோடரியுமாகப் பத்துப் பதினைந்து பேர் ஏறினார்கள். ஒவ்வொருத்தரிடமும் ஒரே கேள்விதான்.

"எந்த ஊருடா? எந்தத் தெரு?"

ஊரைச் சொன்னேன். தெருவைச் சொல்லவில்லை. "அது இன்னாத்துக்கு உனக்கு?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிறவி நான்.

ஃபைலைப் பிடுங்கி, படித்தவன் மாதிரி இருந்த ஒருத்தனிடம் கொடுத்தார்கள். அவன் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி இங்கிலீஷில் ஒவ்வொரு வரியாக வாசித்தான். கம்யூனிட்டி வரியில் நின்றான். எஸ்.சி. என்று இருந்தது. அடுத்த வரி காலனித் தெரு. நான் வாய் திறந்து சொல்லாததை எல்லாம் என் காகிதமே சொல்லிவிட்டது.

கீழே இழுத்துப் போட்டார்கள். முதல் அடி முதுகில், புளிய விளாறு. அப்புறம் ஒருத்தன், "மார்ல மச்சமாம்டா, பாப்போம்" என்று சட்டையைக் கிழித்தான். பார்த்தார்கள். எங்கே இருக்கும்?

"பொய்யி! சர்டிபிகேட்டே பொய்யி! இப்புடித்தான்டா நம்ம எடத்த எல்லாம் தூக்கினு போறானுங்க!"

இல்லாத மச்சத்துக்குத்தான் அதிகம் உதை வாங்கினேன். நானும் சும்மா இல்லை. வாசித்தவனின் கை என் வாய்க்குப் பக்கத்தில் வந்தபோது கடித்தேன், ரத்தம் வந்தது, விடவில்லை. அவன் அலறிக்கொண்டே இன்னொரு கையால் கோடரிக் காம்பை எடுத்து என் இடது புருவத்தில் இறக்கினான். கண்ணுக்குள் சூடாக ஏதோ ஓடியது. பஸ்ஸிலிருந்து ஒரு காய்க்காரம்மா மட்டும் கத்தினாள். "வுடுங்கடா பாவிங்களா, செத்துகித்துப் போய்டப் போறான்!" மற்றவர்கள் எல்லாம் ஜன்னல் வழியே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்றைக்கும் அடித்தவர்கள்மேல் இருக்கிற கோபத்தைவிட அவர்கள்மேல்தான் கோபம் ஜாஸ்தி.

தியாகதுருகத்தில் ஒரு கம்பவுண்டர் மரத்துப்போகிற ஊசி போடாமலேயே தையல் போட்டார். அந்த வாரத்திலேயே எங்கள் தெருவில் நான்கு கூரைகள் எரிந்தன. அப்பா கரும்புக் கத்தியோடு வாசலில் நின்றார். "அவங்க கேக்கறதுல நாயம் இல்லன்னு சொல்லல. வயிறு எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுக்கு நம்ம கூரைய ஏன்டா கொளுத்தணும்?" என்றார். எனக்கு அப்போது நியாயம் வேண்டாம், ஒரு கோடரிதான் வேண்டும். இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே கிடந்தேன். யாரை வெட்டுவது, எங்கே போய் ஒளிவது என்றுகூட யோசித்து வைத்தேன். அப்புறம், போலீஸ் காவலோடு பஸ் விடுகிறார்கள், மெட்ராஸ் போகலாம் என்றார்கள். இன்டர்வியூ இன்னும் முடியவில்லை. கத்தியா காகிதமா என்றால், காகிதத்தில் ஒரு தடவை தோற்றிருந்தேன், அது உறுத்தியது. கிளம்பினேன்.

முதலில் இன்ஸ்டிடியூட்டுக்குத்தான் போனேன். படியேறி நின்றதும் அக்கா மெஷினிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னாடா மூஞ்சி இது?"

சொன்னேன். அவளும் அடித்தவர்கள் சாதிதான். எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். "என் தம்பியும் மரம் வெட்டத்தான் போய்க்கினு இருக்கான். வரட்டும், கால ஒடிக்கிறேன்" என்றாள்.

"ஒடிச்சிக்கோங்க. எனக்கு வேற பயோடேட்டா அடிங்க. மதம் வேணாம், கம்யூனிட்டி வேணாம், தெரு வேணாம், மச்சம் வேணாம்."

"அதெல்லாம் இல்லாம அது இன்னா பயோடேட்டா? மொட்டக் கடுதாசி மாதிரி இருக்கும்."

"மொட்டையாவே இருக்கட்டும்!" மேஜையில் குத்தினேன். மைக்கூடும் ரப்பரும் உருண்டு விழுந்தன. அவளும் எழுந்து நின்று கத்தினாள்.

"யாருகிட்டடா கத்தற? எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் இன்னாத்த அடிக்கறது? நீ யாருன்னு எப்புடித் தெரியும் அவங்களுக்கு? ஒனக்கு இன்னாதான்டா தெரியும், அதயாவது சொல்லித் தொல!"

அந்த ஆத்திரத்தோடேதான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் கரும்பை நினைத்தபோது வெட்ட முடியாது, ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும். யாருக்கு முதலில் என்று ஊருக்குள் மண்டை உடையும். நட்ட தேதி, ரகம், எத்தனை ஏக்கர், எல்லாவற்றையும் கொடுத்தால் யார் முதலில் வெட்ட வேண்டும் என்று வரிசை போடுகிற புரோகிராம் ஒன்றை டிப்ளமோவுக்காக எழுதியிருந்தேன். ஊர் ஊராகப் போய் நானே விவரம் எடுத்தேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். "எங்கப்பாவும் சித்தப்பாவும் இதுக்குத்தான்டா அரிவாள் எடுத்தாங்க. கரும்பு ரெண்டு பேருக்குமே நின்னு காஞ்சுது" என்றாள். அப்புறம் பழைய பயோடேட்டாவின் நகலை எடுத்துப் புரட்டினாள். "ஏன்டா, இத எங்கடா போட்ட? கைப்பந்துக்கு அடியிலயா? அறிவு இருக்குதா?"

"நீங்கதான அடிச்சீங்க?"

"நீ குடுத்தத அடிச்சேன்!"

சண்டை போட்டபடியே அடித்தோம். பெயர். இன்ஸ்டிடியூட் முகவரி. அதற்கு அடுத்தே அந்தப் புரோகிராம்: எந்தத் தகராறுக்காக எழுதினேன், எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதினேன், என்ன செய்யும். பிறகு எனக்குத் தெரிந்த மற்ற கம்ப்யூட்டர் மொழிகள், படிப்பு. ஒரே பக்கம். காசு வாங்க மாட்டேன் என்றாள், நான் மேஜையில் வைத்துவிட்டு இறங்கினேன். இரக்கத்தை வாங்கிக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

மெட்ராஸில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். காபி கொடுத்தார்கள். நடுவில் இருந்த பெரியவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஒன்றும் இல்லை.

"கள்ளக்குறிச்சியா? பக்கத்துல எந்த ஊர்?"

ஊரைச் சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

புருவத்துத் தையல் விண்ணென்று தெறித்தது. கோப்பையை அவர் முகத்தில் எறியத்தான் முதலில் கை போனது. கீழே வைத்தேன். இந்தத் தடவை என்னைக் காட்டிக்கொடுக்கக் காகிதத்தில் ஒன்றும் இல்லை. நானும் சொல்லாமல் இருக்கலாம்.

"காலனித் தெரு சார்" என்றேன், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி.

அவர் "ஓ" என்றார். ஓரத்தில் இருந்தவர் அதுவரை தலையே தூக்காமல் என் புரோகிராமைப் பற்றிய வரிகளையே படித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேர் ஒரே நாள்ல நட்டிருந்தா யாருக்கு முதல்ல கொடுக்கும்?" என்று கேட்டார்.

"சின்ன நிலத்துக்காரனுக்கு சார்."

"ஏன்?"

"பெரிய நிலத்துக்காரர் காத்திருப்பார் சார். சின்னவன் அடி வாங்குவான்."

அவர் என் புருவத்தைப் பார்த்தார்.

வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று ஆபீசில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். கம்ப்யூட்டர் கம்பெனியாக இருந்தால் என்ன, கடைசி வரியில் அங்க அடையாளம் இரண்டு கேட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே நெஞ்சும் எரிந்தது. முதலாவதாக விரல் தழும்பை எழுதினேன். இரண்டாவதற்கு இந்தத் தடவை யாரும் மச்சம் வைக்க வேண்டியிருக்கவில்லை.