வெற்றிலைச் சிவப்பு

தோட்டத்தில் அழகையா எங்கே என்று கேட்டால் எந்த அழகையா என்பார்கள். கட்டில்காரன் என்றால் போதும், கூலி வீட்டு வரிசைகளில் மூன்றாம் லயத்துக் கடைசிக் காம்பராவுக்குக் கைகாட்டிவிடுவார்கள். ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் மலைமேல் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், நடக்க முடியாத நோயாளிகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது அவன் வேலை. இரண்டு நீள மூங்கில், நடுவே தைத்த சாக்கு, மழைக்கு மேலே ஒரு கித்தான். அதைத்தான் கட்டில் என்றார்கள். நாலு பேர் தூக்குவார்கள். முன்பக்கத்து வலது கொம்பு எப்போதும் அழகையாவுக்கு. அந்தத் தோளில் காய்ப்பு ஏறி, எலுமிச்சம்பழத்தை ஒட்டவைத்ததுபோல் இருக்கும்.

வாலிபத்தில் அவனுக்கு அந்த வேலையில் பெருமை உண்டு. காய்ச்சல்காரர்களை இறக்கத்தில் குலுங்காமல் கொண்டுபோவான். வழியெல்லாம் வாய் ஓயாது. ஆஸ்பத்திரிக் கஞ்சியின் ருசியைப் பற்றி அவன் அளக்கிற அளப்பில் முனகிக்கொண்டு கிடப்பவரும் சிரித்துவிடுவார். பத்துப் பதினைந்து நாளில் அதே ஆள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறி வருவார். வந்ததும் அழகையாவுக்கு ஒரு வெற்றிலைச் சுருள் வாங்கிக் கொடுப்பது வழக்கம். அவன் அதைக் கூலி வாங்குகிற மாதிரி கையை நீட்டி வாங்கிக்கொள்வான்.

அப்போதிருந்த ஏற்பாடு அப்படி. தேயிலை கப்பலேறும்போதே அரசாங்கம் வரி பிடித்து, அந்த வரியில் ஆஸ்பத்திரியை நடத்தியது. நோயாளியை அனுப்பினாலும் வரி, அனுப்பாவிட்டாலும் வரி. கொடுத்த வரிக்கு ஆஸ்பத்திரியைப் பயன்படுத்தாவிட்டால் நஷ்டம் என்பது பெரிய துரையின் எண்ணம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றபடி ஒருவன் இரண்டு தரம் இருமினால் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதி நீட்டிவிடுவார். இதை இரக்கம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். ஆனால் பிழைத்தவர்கள் பிழைத்தார்கள்.

பிறகு கொழும்பில் யாரோ உட்கார்ந்து அந்த ஏற்பாட்டை மாற்றினார்கள். வரியைக் குறைத்துவிட்டு, இனி ஒவ்வொரு நோயாளியும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தோட்டமே கட்ட வேண்டும் என்றார்கள். லயத்து ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியாது. சீட்டு கிடைப்பது நின்றுபோனது மட்டும் தெரிந்தது. பழைய சாக்குக் காம்பரா ஒன்றைச் சுண்ணாம்படித்து மருந்துக் காம்பரா என்றார்கள். வயிற்றுக்கு விளக்கெண்ணெய், காய்ச்சலுக்குக் கொயினா. இரண்டுக்கும் கேட்காத நோய்க்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்ற பதில்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி, பேச்சு மூச்சற்றுப் போனபின்தான் சீட்டு வரும். தோட்டத்தில் செத்தால் தோட்டத்துக் கணக்கு, ஆஸ்பத்திரியில் செத்தால் ஆஸ்பத்திரிக் கணக்கு. அதிலும் துரைக்கு ஒரு சௌகரியம் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளை வாங்கிப் படுக்கவைக்கிறவர் ஜுனைதீன். வயதானவர், கோபம் வராத மனிதர். கித்தானை நீக்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

"கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருக்கலாமே, அழகையா."

அழகையாவின் பதிலும் மாறாது.

"தொரை சீட்டுக் குடுக்கலைங்க."

அப்படியே அவன் மனைவி அங்கம்மாவையும் ஒருநாள் தூக்கிக்கொண்டு போனான். இரத்தபேதி. சீட்டுக்காக அவன் பங்களா வாசலில் நின்ற நாட்களில் அவள் உடம்பில் இருந்ததெல்லாம் போய்விட்டது. அன்றைக்கும் ஜுனைதீன் கேட்டார், அவனும் சொன்னான். கூட வந்த மூன்று பேரும் பதுளையிலேயே அவளைப் புதைக்க உதவிவிட்டு, அவனை முன்னே விட்டு வெறும் கட்டிலோடு மலையேறினார்கள். அன்றிலிருந்து வழியில் அவன் பேசுவதை விட்டுவிட்டான்.

லயமும் மாறிப்போனது. அழகையா கட்டிலோடு வந்தால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். அதில் ஏறுகிறவர் திரும்புவதில்லை என்று ஆகிவிட்டது. கட்டில் என்ற பேச்சுக்கே பிள்ளைகள் சோற்றை அடம்பிடிக்காமல் தின்றன. அழகையாவுக்கு இதில் வருத்தம்தான், ஆனால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. தூக்கிக்கொண்டு போனவன் அவன்தானே. எத்தனை பேர் திரும்பினார்கள் என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

வீட்டில் மிஞ்சியது ரெங்கம்மா ஒருத்தி. தாயை இழந்தபோது சிறுமி. இப்போது தோட்டக் கணக்கில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கிறாள். சிரிப்பு மாத்திரம் அங்கம்மாவுடையது. அப்பனுக்குச் சோறு போட்டுவிட்டு, தின்று முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்து அன்றைக்குத் தேயிலை மலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்வாள். அழகையா பேசாத வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

அந்தச் சமயத்தில் சட்டம் மறுபடியும் மாறியது. சட்டத்துக்குக் கொஞ்சம் புத்தி வந்தது என்றே சொல்லலாம். ஆஸ்பத்திரிச் செலவைத் திரும்பவும் பொது வரியில் சேர்த்தார்கள். ஆளுக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்பது போயிற்று. தோட்டத்தில் சாவு கூடினால் ஏன் என்று கேட்க அரசாங்க டாக்டர் குதிரையில் வந்தார். துரைகள் எல்லாரும் ஒரே வாரத்தில் நல்லவர்கள் ஆனார்கள். சீட்டு வேண்டுமா, எடுத்துக்கொள். சட்டம் மாறியதைத் துரைக்குக் கடிதம் போட்டுச் சொன்னார்கள். லயத்துக்கு யார் சொல்வது?

மருந்துக் காம்பராவுக்குப் புதிதாக வந்தவர் சுந்தரலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தை அப்போது பிடித்து ஆட்டியது வெளுப்பு நோய். முகம் வெளிறி, மூச்சு வாங்கி, கால் வீங்கி, ஆட்கள் நடமாடிக்கொண்டே உருகிப்போவார்கள். அதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து வந்துவிட்டது என்று அவர் பெரட்டுக்களத்தில் நின்று தொண்டை கிழியச் சொன்னார். காலையில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போவார். பெண்களைத் தொட்டுக் கண்ரெப்பையை இழுத்துப் பார்க்க அவருக்குக் கூச்சம், பெண்களுக்கும் கூச்சம். அதனால் உதட்டைப் பார்ப்பார், கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்ப்பார். வெளுத்திருந்தால் சீட்டு.

"உங்களை நான் பிடிச்சுத் தின்னவோ போறன்? ஏன் இப்பிடி ஒளிக்கிறியள்?" என்று ஒருநாள் மனம் நொந்து கேட்டார். வரிசையில் நின்றவர்கள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்கள்.

ஒருநாள் மலையிலிருந்து வந்த ரெங்கம்மா கூடையை இறக்காமலே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மேட்டுமலை ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழகையா அவள் உதட்டைப் பார்த்தான். ஈறு வரைக்கும் வெள்ளை. இந்த வெள்ளையை எத்தனை முகத்தில் பார்த்திருக்கிறான்!

இன்னொரு அப்பன் என்றால் அழுதிருப்பான், நேர்ந்துகொண்டிருப்பான். அழகையாவுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: இவள் அந்தக் கட்டிலில் ஏறக் கூடாது. அங்கம்மா கிடந்த சாக்கில் இவள் கிடக்கக் கூடாது. மருந்து ஐயா சொல்வதை அவன் கேட்காமல் இல்லை. பேச்சுக்கு யார்தான் நல்லது சொல்லவில்லை? நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்ன வாய்களும் மரியாதையாகத்தான் சொல்லின.

மறுநாள் காலை பெரட்டுக்குக் கொம்பு ஊதுமுன் அவன் ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பை அதிகமாகத் தடவி, பாக்கு நறுக்கி வைத்து மடித்து அவளிடம் நீட்டினான். நன்றாக மென்று உதட்டில் சாற்றைப் பரவவிடச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மருதோன்றி இலை பறித்து வந்து அவனே அம்மியில் அரைத்தான். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நகத்துக்குத் தொப்பி வைத்தான். பக்கத்துக் காம்பராப் பெண்கள் எட்டிப் பார்த்து, மாப்பிள்ளை எந்தத் தோட்டம் என்று கேலி செய்தார்கள். ரெங்கம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்துவைத்தான்.

"ஐயா கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லு தாயி. நேரா நில்லு. மூச்சு வாங்குறத அவரு பாக்கக் கூடாது."

"சரிப்பா," என்றாள் அவள். அப்பன் சொன்னால் அவளுக்குச் சரிதான்.

சுந்தரலிங்கம் வரிசையில் வந்து அவள் முன் நிற்பார். சிவந்த உதடு, சிவந்த நகம். தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போவார். அந்த நிமிஷத்தில், தூரத்தில் ஆண்கள் வரிசையில் நிற்கிற அழகையா மூச்சை விடுவான். மழைக்காலம் முழுவதும் இப்படியே போனது. அவனைப் பார்த்து மற்ற வீடுகளிலும் வெற்றிலைச் செலவு கூடியது. கட்டில்காரனே ஒளிக்கிறான் என்றால் வேறு என்ன சாட்சி வேண்டும்?

எதிர் லயத்துப் பேச்சாயிக்கும் அதே நோய். ரெங்கம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுக்கிறவள். அவள் வாய்த்துடுக்குக்காரி. ஒருநாள் பெரட்டில் வெற்றிலை போடாமல் வந்து நின்று, எங்கேயாவது படுத்துச் சாகிறேன், சீட்டைக் கொடுங்கள் என்றாள். அவளை அழகையாதான் தூக்கினான். வழி நெடுக அவள்தான் பேசினாள். அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஜுனைதீன் அன்று கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவளைக் கைத்தாங்கலாக நடத்தியே உள்ளே கூட்டிப்போனார். அதைக்கூட அழகையா நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு பிணத்தை இறக்கிவைத்துவிட்டு வந்ததாகத்தான் நினைத்தான்.

அந்த மாதம் போய் அடுத்த மாதம் பாதி போயிருக்கும். வெயிலடித்த ஒரு மத்தியானம், கீழ் ரோட்டிலிருந்து ஒரு பெண் தலையில் மூட்டையோடு குறுக்கு வழியாக ஏறி வந்தாள். எங்கும் நிற்காமல் ஏறினாள். பேச்சாயி. கன்னம் உப்பியிருந்தது. வெற்றிலை போடாத உதடு அவள் உதடாகவே சிவந்திருந்தது. லயமே கூடிவிட்டது. என்னென்னவோ மருந்து குடிக்கக் கொடுத்தார்கள், வயிற்றிலிருந்து பூச்சி பூச்சியாக விழுந்தது, பிறகு பசி என்றால் அப்படியொரு பசி என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பழைய வழக்கம்போல் மடியிலிருந்து ஒரு வெற்றிலைச் சுருளை எடுத்து அழகையாவிடம் நீட்டினாள்.

அவன் அதை வாங்கவில்லை. காம்பராவை நோக்கி ஓடினான்.

ரெங்கம்மா ஒரு வாரமாக வேலைக்குப் போகவில்லை. காலும் முகமும் வீங்கிச் சுவரில் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சுத் திணறியது. மழைச்சளி என்று அவன் சொல்லியனுப்பியிருந்தான். இப்போது அவனே போய்க் கூப்பிட, சுந்தரலிங்கம் வந்து பார்த்தார். இந்தத் தடவை கூச்சப்படாமல் கண்ரெப்பையை இழுத்துப் பார்த்தார். பிறகு அவள் கையை எடுத்து, பாதி வளர்ந்த நகத்தில் மருதோன்றிக்குக் கீழே தெரிந்த வெள்ளையைப் பார்த்தார். அழகையாவைத் திட்டுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். கேட்டவுடன் கிடைத்த சீட்டு.

முன்பக்கத்து வலது கொம்பை அவனே பிடித்தான். பிடிக்க வேண்டாம் என்று மற்றவர்கள் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்கு வழியில் பேசினான். ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றிச் சொன்னான். பேச்சாயி ஏறி வந்ததைச் சொன்னான். உனக்கும் அப்படித்தான், வரும்போது நீயே நடந்து வருவாய், அப்பன் வெறும் கட்டிலோடு பின்னால் வருவேன் என்றான். முதலில் உம் கொட்டிக்கொண்டு வந்தாள். பதுளை கண்ணுக்குத் தெரிகிற வளைவில் அந்த உம்மும் நின்றுபோனது. அவன் பேச்சை நிறுத்தவில்லை.

ஜுனைதீன் கித்தானை நீக்கிப் பார்த்தார். மூச்சு இருந்தது, அவ்வளவுதான். கிழவர் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருக்கலாமே, அழகையா."

அழகையா வாயைத் திறந்தான். எப்போதும் சொல்கிற பதில் தொண்டைவரை வந்தது. கையில் சீட்டு இருந்தது.

"நாந்தாங்க குடுக்கல," என்றான்.

விடிவதற்குள் ரெங்கம்மா போய்விட்டாள். அங்கம்மாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. கொஞ்சம் தள்ளித்தான் கிடைத்தது.

அந்த வேலையை விட்டுவிடுவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் விடவில்லை. மறு வாரமே பெரட்டுக்களத்துக்கு வந்தான். ஆனால் ஆண்கள் வரிசைக்குப் போகாமல், சுந்தரலிங்கம் வருமுன் பெண்கள் வரிசையோரமாக நடந்தான். வெற்றிலைச் சிவப்பு எது, இரத்தச் சிவப்பு எது என்று அவன் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு சின்னப் பெண் முன்னால் நின்றான். புதிதாக மென்ற வாய், மருதோன்றி ஈரம்கூடக் காயாத விரல். அவளுடைய தாய் அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். சொந்த மகளைக் கொன்றுவிட்டு இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டேவிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் ஆமாம் என்று தலையாட்டினான். இடத்தைவிட்டு நகரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் உள்ளங்கையைக் குவித்து நீட்டினான்.

"வெத்தலையத் துப்பு தாயி," என்றான்.