யார் வீட்டுக்கு வந்தீங்க?

அப்பா இறந்து, கோவில்பட்டி வீட்டையும் விற்றபின் எனக்கு ஊருக்குப் போகக் காரணமே இல்லாமல் போனது. ஆறு வருடம் போகவில்லை. எங்கள் பக்கம் ஒருவர் வந்தால் சாமி கும்பிட வந்திருப்பார், கல்யாணத்துக்கு வந்திருப்பார், இல்லாவிட்டால் சாவு வீட்டில் துட்டி கேட்க வந்திருப்பார். சும்மா பார்க்க வருகிறவரை எப்படி அழைப்பது என்று அங்கே யாருக்கும் தெரியாது. 'சுற்றுலாப் பயணி' என்பது அறிவிப்புப் பலகையில் எழுதுகிற சொல். அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. போன மார்கழியில் நானே அப்படி ஒருத்தியாகப் போனேன்.

சென்னையிலிருந்து ரயிலில் போய்க் கோவில்பட்டியில் இறங்கி, லாட்ஜில் குளித்துவிட்டு, வாடகைக் கார் பேசினோம். டீசலோடு சேர்த்து நாளுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். டிரைவர் முருகன் வண்டியை எடுக்கும்போதே கேட்டார்.

"யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "டூரிஸ்ட்" என்றார். அவர் தஞ்சாவூர்க்காரர், அவருக்கு அது ஒன்றும் செய்யாது. எனக்கு வலித்தது. நான் படித்த பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டேன்.

முதலில் கழுகுமலை. இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பாறையைக் குடைந்து செதுக்கி, முடிக்காமலே விட்டுப்போன வெட்டுவான் கோயிலை அவசியம் பாருங்கள். பாறை சுடுவதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். கணவர் படமாக எடுத்துத் தள்ளினார். எனக்கோ மனசெல்லாம் கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் நாகலாபுரத்தில் இருந்தது.

"அங்கன என்னக்கா இருக்கு? வெறுங்காடுதான் கெடக்கு" என்றார் முருகன்.

அந்தக் காட்டுக்காகத்தான் வந்தேன். எங்கள் பக்கம் காடு என்றால் மழையை நம்பி விதைக்கிற நிலம். அப்பா பஸ் கண்டக்டர். லீவு நாட்களில் நாகலாபுரம் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொள்வார். ஜன்னலுக்கு வெளியே கறுப்பாகக் கரிசல் மண், வானம் முட்டும்வரை கிடக்கும். இறங்கிப் பார்க்கலாமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "அங்கன நமக்கு யாருட்டி இருக்கா?" என்பார். ஒரு நாளும் இறங்கியதில்லை.

ஊருக்குச் சற்று முன்னால் காரை நிறுத்தச் சொன்னேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கணவர் ஷூவோடு காட்டுக்குள் இறங்கி, பத்தடி போவதற்குள் இரண்டு காலிலும் அப்பிய மண்ணைத் தூக்க முடியாமல் நின்றுவிட்டார். நானும் முருகனும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பாசிப்பயறுச் செடியில் பாசிக்காய் பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

எந்தக் கேள்விக்குப் பயந்து ஆறு வருடம் வராமல் இருந்தேனோ அதே கேள்வி. "யார் வீட்டுக்கும் இல்லம்மா. சும்மா காட்டப் பாக்க வந்தோம்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தேன். எப்போது கழற்றினேன் என்று எனக்கே நினைவில்லை.

"நம்ம பக்கத்துப் பிள்ளதான். அவியளையும் ஷூவக் கழட்டச் சொல்லு. எம்பேரு பேச்சியம்மா. வந்தது வந்திய, வீட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தோம். கருப்பட்டிக் காப்பி. புறப்படும்போது ஒரு பை நிறையப் பாசிக்காயும் கொடுத்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காடு பச்சையாக இருப்பது மார்கழி, தையில்தான். கோடையில் போனால் வெடித்த மண்ணையும் வெயிலையும் பார்க்கலாம், அதுவும் பார்க்க வேண்டியதுதான். கோவில்பட்டியிலிருந்து பஸ் உண்டு, நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் வெறுங்காலோடு இறங்குங்கள். கடலைமிட்டாயை ஊர் திரும்பும்போது வாங்காமல் போகும்போதே வாங்கிப் பையில் வையுங்கள். நான் பேச்சியம்மா வீட்டுக்கு வெறுங்கையோடு போய் நின்றேன்.

திரும்பும்போது கோவில்பட்டி ஸ்டேஷனில், பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண் என் பையை எட்டிப் பார்த்தார்.

"புதுப் பாசிக்காயா இருக்கே. யாரு வீட்டுக்கு வந்துட்டுப் போறீங்க?"

கணவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நாகலாபுரத்துல, பேச்சியம்மா வீட்டுக்கு."