அத்தானின் லாரிக்கு ஊற்றிய எண்ணெய்

என் அக்காவின் கணவரை எனக்கு அறவே பிடிக்காது. அதை இன்றும் மறைக்கப் போவதில்லை. சிங்கப்பூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், தொண்ணூறுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு லீவில் வந்தபோது, ரிமோட்டில் ஓடும் லாரி ஒன்றைக் கொண்டுவந்தார். நாற்பது வயது ஆளுக்குப் பொம்மை! நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். என்னையும் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போவதாக அக்காவிடம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதை நம்பி, பாஸ்போர்ட் எடுத்துவைத்துக் காத்திருந்தேன்.

லாரி கல்லில் ஏறினால் துள்ளிக் குப்புறக் கவிழ்ந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு ஷாக் அப்சார்பர். உள்ளே இருந்த எண்ணெய் கசிந்து வற்றியிருந்தது.

“ஏலே ஃபிட்டரு, இதச் சரி பண்ணு பாப்பம். பண்ணிட்டா இந்தத் தடவ உனக்கு விசா எடுத்துருவோம்” என்றார்.

எங்கள் ஊரில் கதவு கிறீச்சிட்டாலும் ஃபேன் முனகினாலும் மில்லிலிருந்து வந்த ஸ்பிண்டில் ஆயில்தான் மருந்து. யோசிக்காமல் அதையே ஊற்றினேன். லாரி முன்னைவிட மோசமாகக் குதித்தது. தண்ணீர் மாதிரி இருக்கிற எண்ணெய் ஸ்பிரிங்கை எப்படிப் பிடித்து நிறுத்தும்? சொந்தக்காரர்கள் முன்னால் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“மில்லுக்காரனுக்கு அம்புட்டுதாம்லே தெரியும்.”



லாரியை ராஜபாளையத்துக்குத் தூக்கி வந்தேன். நான்கு ஷாக் அப்சார்பரையும் கழற்றிக் கழுவி, பைக்கின் முன் ஃபோர்க்கில் ஊற்றும் கெட்டியான எண்ணெயை நிரப்பினேன். காற்றுக்குமிழி எல்லாம் வெளியேறும்வரை கம்பியை மெல்ல மேலும் கீழும் அசைத்து, அதன் பிறகே மூடினேன். ஒரு முழ உயரத்திலிருந்து போட்டால் துள்ளாமல் அமர்ந்தது.

அடுத்த ஞாயிறு, அவர் வீட்டு வாசலில் கிடந்த ஜல்லிக் குவியலைத் தாண்டி லாரி சமர்த்தாக ஓடியது. அவர் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அக்காதான் கேட்டாள்: “தம்பிக்கு விசா எடுக்கேன்னு சொன்னியளே?”

“பொம்மைக்கு எண்ண ஊத்துனவனுக்கெல்லாம் விசாவா? அது சும்மா சொன்னதுட்டி” என்றபடி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மிச்ச எண்ணெயைப் பாட்டிலில் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவர் பின்னாலேயே போய், அவருடைய புது மொசைக் தரையில் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தேன்.

“இனி நீங்களே ஊத்திக்கிடுங்க அத்தான்.”

அவர் எழவில்லை. காலை மட்டும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

“தொடைட்டி” என்றார் அக்காவிடம்.

அக்கா துணி எடுத்துவந்து மண்டியிட்டுத் துடைத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.