கண்டல் வாய்க்கால் கயிறு

பிள்ளைகளே, போன கிழமை பள்ளிக்கூடத்தால் கண்டல் கன்று நடப் போய் முழங்கால்வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தீர்கள். தகப்பன்மாரும் வந்து அந்த இடத்தின் பழைய கதையைச் சொல்லலாம் என்று ரீச்சர் கேட்டிருந்தாவாம். வேலை இருக்கிறது என்று நான் வரவில்லை. உண்மையில் ஒரு வேலையும் இருக்கவில்லை. அந்தக் கதை எனக்கு வாயால் சொல்ல வராது, அதனால் எழுதித் தருகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு தொழிலுக்குப் போனவன். எழுத்துப் பிழை கிடந்தால் மூத்தவள் திருத்தி வாசிக்கட்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது. தொண்டைமானாற்று நீரேரிக் கரையில், இப்போது நாம் இருக்கும் இதே காணியில்தான் வீடு. நீங்கள் கன்று நட்ட அந்தச் சேற்று நிலம் முழுக்க அன்று கண்டல் மரம். வேர்களைக் கால்போல ஊன்றிக்கொண்டு இரண்டு பக்கமும் நெருக்கமாய் நிற்கும். நடுவில் ஒரு வாய்க்கால். மாரி மழைக்குப் பிறகு இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அதற்குள் வந்து ஒதுங்கும். வேர்களுக்கிடையில் பெரிய மீன் நுழைய முடியாது. குஞ்சுகள் அங்கே கிடந்து வளர்ந்துதான் நீரேரிக்கு இறங்கும்.

அதனால் கார்த்திகை விளக்கீடு முடிந்த மறுநாள் வாய்க்கால் வாயை மறித்துக் கயிறு கட்டுவார்கள். தைப்பூசத்தன்றுதான் அவிழ்ப்பார்கள். இந்த ஒழுங்கை எந்த அரசாங்கக் கந்தோரும் போடவில்லை. இக்கரையில் நாங்களும் அக்கரைச் சனமும் எப்போதோ பேசி வைத்தது. தடித்த தும்புக் கயிறு. தூரத்திலிருந்து வள்ளக்காரருக்குத் தெரியும்படி இடைக்கிடை காவோலை தொங்கும். ஒரு முனையை நாங்கள் கட்டையில் கட்டுவோம், மறுமுனையை அக்கரையார் கட்டுவார்கள். கயிறு கிடந்தால் ஒருவரும் உள்ளே போகக்கூடாது. அவிழ்த்தால் இரண்டு கரையும் ஒன்றாக இறங்கலாம்.

வெயில் பட்டால் கயிறு இற்றுப் போகும் என்று முடிச்சைத் தண்ணீருக்கு அடியில்தான் போடுவார்கள். அதைக் காப்பது வீட்டு முறை. இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு. முறை வீட்டுக்காரர் பின்னேரம் தண்ணீரில் இறங்கி, முடிச்சைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வரவேண்டும். கரையில் நின்று பார்த்தால் காவோலை ஆடுவது மட்டும்தான் தெரியும். முடிச்சு தளர்ந்து கிடந்தாலும் காவோலை ஆடும்.

அந்த மார்கழியில் எங்கள் முறை வந்தபோது, அப்பாவுக்குக் காலில் திருக்கை முள் குத்தி மூன்று நாள். பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. அப்பா முனகிக்கொண்டே இருந்தார்.

"திருக்கை குத்தினது காலிலையோ வாயிலையோ? கத்துற கத்துக்கு!" என்றா அம்மா. பிறகு மெல்ல, "பக்கத்து வீட்டு அண்ணையைப் போய்ப் பாக்கச் சொல்லுவமே?" என்று கேட்டா.

"எங்கடை முறையை அடுத்த வீட்டிலை பிச்சை கேக்கிறதோ? இவன் ஆம்பிளைப் பிள்ளை, போவான்." அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். "மோனை, கரையிலை நிண்டு பாக்கிறேல்லை. இறங்கித் தொட வேணும். விளங்கிச்சோ?"

எனக்குப் பெருமையாய் இருந்தது. வாய்க்கால் வாய்க்குப் போகும்வரை அந்தப் பெருமை இருந்தது. அங்கே தண்ணீர் கறுத்து, குளிர்ந்து கிடந்தது. மேலே நாலைந்து சொறி மீன் மிதந்தது. சொறி என்றால் உங்களுக்குத் தெரியும், கண்ணாடிக் கூழ் மாதிரி. பட்டால் உடம்பெல்லாம் தடித்து எரியும். ஒருமுறை பட்டு இரவெல்லாம் அழுதிருக்கிறேன். ஒரு காலை வைத்தேன். எடுத்தேன். கயிற்றைப் பார்த்தேன். காவோலை வரிசையாய், அழகாய் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நண்டு பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

"தொட்டனியோ?"

"ஓம் அப்பா. இறுக்கமாய்க் கிடக்குது."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

விடியச் சத்தம் கேட்டுத்தான் எழும்பினேன். கயிறு எங்கள் பக்கத்துக் கட்டையிலிருந்து கழன்று, அக்கரைப் பக்கமாய் நீரோடு நீளக் கிடந்தது. வாய்க்காலுக்குள் அக்கரையாரின் இரண்டு வள்ளங்கள் நின்றன. எங்கள் ஆட்கள் கரையில் நின்று வாயில் வந்ததெல்லாம் பேசினார்கள்.

"கள்ளருக்கு வெக்கமும் இல்லை, விடியலும் இல்லை!"

அந்த வள்ளங்களின் சொந்தக்காரர், அக்கரைச் சம்மாட்டியார், வள்ளத்தில் நின்றபடி துடுப்பை ஓங்கினார். "ஆரடா கள்ளர்? அவிண்டு கிடக்கிறது உங்கடை முடிச்சு! நீங்கள் களவாய் இறங்கி அள்ளிப்போட்டு எங்களைச் சொல்லுறியளோ?"

அவர் சொன்னதை எங்கள் பக்கம் நம்பவில்லை. எங்கள் பக்கம் சொன்னதை அவர் நம்பவில்லை. "நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டால் அவங்கள் வழிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்" என்று எங்களில் ஒருவர் வலையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் இரண்டு கரையும் உள்ளே. சின்னக் கண் வலை, கட்டுவலை, ஒருவர் பழைய சேலையைக்கூடக் கொண்டு வந்தார். வள்ளம் திரும்ப இடமில்லாமல் கண்டல் வேர்களை வெட்டினார்கள். நகத்தளவு குஞ்சுகளை விற்கவும் முடியாது, கறி வைக்கவும் முடியாது. பெரியதைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைச் சேற்றில் கொட்டினார்கள். கொக்குகள் தின்று தின்று, பறக்க மனமில்லாமல் நின்றன.

பின்னேரம் கடற்றொழிலாளர் சங்கக் கட்டட முற்றத்தில் இரண்டு கரையும் கூடியது. அப்பா தடி ஊன்றிக்கொண்டு வந்தார். நான் பின்னால் மதிலோடு நின்றேன்.

"நேற்று ஆருடைய முறை?" என்று சங்கத் தலைவர் கேட்டார்.

"என்ரை."

"முடிச்சைத் தொட்டனியோ?"

"இல்லை."

எங்கள் பக்கத்திலேயே ஒருவர் எழும்பினார். "தலைவர், இவருக்குத் திருக்கை குத்தினது ஊருக்கே தெரியும். பெடியனைத்தான் அனுப்பினவர். நான் கண்டனான்."

நான் மதிலோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

"முறை வீட்டுக்காரன் நான். பெடியனை இதுக்குள்ளை இழுக்காதையுங்கோ. சந்நிதியான் அறிய, பிழை என்ரை."

"உன்ரை கால் வீங்கினதுக்கு எங்கடை வருசம் சுருங்கிப் போச்சு" என்றார் அக்கரைச் சம்மாட்டியார்.

வருகிற தைப்பூசம் போய் அதற்கு அடுத்த தைப்பூசம் வரை எங்கள் வீடு நீரேரியில் இறங்கக்கூடாது என்று தீர்மானமானது. கால் ஆறியதும் அப்பா பஸ் ஏறிக் கோப்பாய்த் தோட்டங்களுக்குக் கூலிக்கு வெங்காயம் கிண்டப் போனார். தண்ணீரில் நின்று பழகிய மனிதர். செம்பாட்டு மண் படிந்த காலோடு வந்து கிணற்றடியில் நின்று கழுவிக்கொண்டே இருப்பார்.

ஒரு வருசம் போனால் எல்லாம் பழையபடி வரும் என்று நினைத்தேன். அடுத்த விளக்கீட்டுக்கு மறுநாள் எங்கள் ஆட்கள் கயிற்றோடு போய் நின்றார்கள். மறுமுனையைக் கட்ட அக்கரையிலிருந்து ஆள் வரவில்லை. "வாறம், நாளைக்கு வாறம்" என்று சொல்லியனுப்பினார்கள். எங்கள் ஆட்கள் மூன்று நாள் போய் நின்றுவிட்டு வந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் கட்டி என்ன செய்வது? அதன் பிறகு எந்த மாதமும் வலை. இறால் குறைந்தது. குறைந்ததும், "இனி இதிலை என்ன கிடக்குது?" என்று விறகுக்குக் கண்டலை வெட்டினார்கள். நானும் வெட்டினேன் பிள்ளைகளே. பதினேழு வயதில். நீங்கள் நட்ட இடம் அப்படித்தான் வெறுமையானது.

அப்பா என்னைக் காப்பாற்றத்தான், பிழை தன்னுடையது என்று சபையில் பொய் சொன்னார் என்று கனகாலம் நினைத்திருந்தேன். அப்பாவின் கடைசிக் காலத்தில், ஒருநாள் சவரம் செய்துவிடும்போது, அதைச் சொல்லி அழுதேன்.

"ஆரடா பொய் சொன்னது?" என்றார் அப்பா. "நீ வந்து நிக்கேக்கை உன்ரை காற்சட்டை காய்ஞ்சு கிடந்தது. நான் கண்டனான். எனக்குக் கால் நோவு. ஒருநாள்தானே, என்ன நடக்கப்போகுது எண்டு விட்டிட்டன். சபையிலை சொன்னது உண்மைதான்."

காய்ந்துபோன சவர்க்கார நுரையைத் தண்ணீர் தொட்டு நனைத்து, மிச்சச் சவரத்தைச் செய்து முடித்தேன்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்தக் கூட்டம் நடந்த பின்னேரம் எனக்குத் தெரிந்தது, நான் ஏதாவது செய்ய வேண்டும் என்பது மட்டும்தான். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நழுவி வாய்க்காலடிக்கு ஓடினேன். கொட்டிய குஞ்சுகள் மேடு மேடாய்ச் செத்துக் கிடந்தன. கால் பதிந்த பள்ளங்களில் மட்டும் கொஞ்சத் தண்ணீர், அதில் சில இறால் குஞ்சுகள் துடித்தன. திரும்ப வாய்க்காலில் விட எனக்குப் பயம். நாளைக்கும் வலையோடு வருவார்கள் அல்லவா? இரண்டு கைகளிலும் ஏந்தி, ஓடி ஓடி வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

எங்கள் கிணறு உவர். குடிதண்ணீரை அம்மா கோயில் கிணற்றிலிருந்து சுமந்து வந்து சருவக் குடத்தில் மூடி வைப்பா. வீட்டில் இருந்ததிலேயே நல்ல தண்ணீர் அது. ஒரு சட்டி நிறைய அதை ஊற்றி, குஞ்சுகளை விட்டு, வீட்டின் பின்னால் கோடிப்புறத்தில் ஒளித்து வைத்தேன். இனி இதுகளுக்கு ஒன்றும் வராது என்று நிம்மதியாய்ப் படுத்தேன். உப்பில் பிறந்தவைக்கு அந்தத் தண்ணீர்தான் நஞ்சு என்பது எனக்குத் தெரியாது.

விடியப் போய்ப் பார்த்தேன். எல்லாம் வெளுத்து அடியில் கிடந்தன. அம்மா எழும்ப முன்னம் வேலியோரம் குழி தோண்டி ஊற்றி, மண்ணை மூடிக் காலால் மிதித்தேன். பிறகு சட்டியைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவி, இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்தேன்.