பயந்த பால்

அது ஒரு ஜாம் போத்தல். தகர மூடியின் பச்சைப் பூச்சு விளிம்போரம் உரிந்து துருவேறியிருந்தது. மண்ணெண்ணெய் அரிதாகிப்போன அந்த ஆண்டுகளில் வன்னியில் ஜாம் போத்தலுக்கு ஒரே வேலைதான் இருந்தது. அடியில் சிறிது எண்ணெய் விட்டுத் திரி வைத்தால் அது விளக்கு. எங்கள் பாடசாலையில் சங்கீதம் படிப்பித்த ரீச்சரின் கைப்பையில் இருந்த போத்தல் மட்டும் ஒருநாளும் எண்ணெய் கண்டதில்லை. அதைக் கொதிநீரில் போட்டெடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி ஒவ்வொரு காலையும் கொண்டுவருவார். பாடசாலை விட்டதும் அது வெறுமையாகவே திரும்பிப் போகும். இடையில் ஒரு தடவை அது கழுத்துவரை நிறையும். அதை நிறைத்தது அவருடைய தாய்ப்பால்.

கிளிநொச்சியை விட்டு ஓடிவந்த சனம் மல்லாவிப் பக்கம் நிறைந்திருந்த காலம் அது. தொண்ணூற்றேழாம் ஆண்டு. பாடசாலைக் கட்டடத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இருந்தன. வகுப்புகள் வளவில் போட்ட கிடுகுக் கொட்டில்களில் நடந்தன. ஒவ்வொரு கொட்டிலுக்கும் பக்கத்தில் குண்டுக்கு ஒளிய ஒரு பங்கர். மாணவர்கள் கணக்கைவிட வேகமாக அதற்குள் இறங்கப் பழகியிருந்தார்கள். நான் சிறிய வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். என் மகள் பிறந்து மூன்று மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பியிருந்தேன். நாங்கள் இருந்த கொட்டில் பாடசாலைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் பிள்ளையை என் கணவர் பார்த்துக்கொள்வார். இடைவேளையில் நான் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். சங்கீத ரீச்சருக்கு அந்த வசதி இல்லை. அவர் வீடு சைக்கிளில் ஒரு மணித்தியாலத் தூரம். வவுனியாவுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை; தவழத் தொடங்கியிருந்த மகனைக் கணவரின் தமக்கை பார்த்துக்கொண்டார்.

பிள்ளை வளர்ப்பில் ரீச்சருக்கென்று ஒரு முறை இருந்தது. பால்மா பிள்ளையின் நாக்கில் படக்கூடாது. சூப்பிப் போத்தல் கூடாது. குளிப்பாட்டச் சவர்க்காரம் கூடாது, பயற்றம்மாதான். தடிமன் பிடித்தால் கற்பூரவள்ளி. ஆசிரியர் அறையென்று நாங்கள் சொல்லிக்கொண்ட மாமரத்தின் கீழ் இதைப் பற்றிப் பகிடிக்குக் குறைவில்லை. "ஊருக்கெல்லாம் பொருளாதாரத் தடை, எங்கட ரீச்சருக்கு மட்டும் அது கொள்கை" என்று கணித ஆசிரியர் ஒருநாள் சொன்னார். ரீச்சர் முகம் கோணாமல், "தடையை எடுக்கட்டும் சேர். பால்மா வந்து கடையில குவியட்டும். அப்பவும் நான் வாங்க மாட்டன், இருந்து பாருங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்படிக் குவியும் நாள் ஒன்றை அவர் நிச்சயமாக நம்பிப் பேசியதுதான் எனக்கு அன்று வியப்பாக இருந்தது.

பதினொரு மணியளவில் அவருக்குப் பால் கட்டிக்கொள்ளும். வகுப்பைச் சரளிவரிசை பாடச் சொல்லிவிட்டு, புத்தகங்களும் மண்வெட்டிகளும் கிடந்த களஞ்சியக் கொட்டிலுக்குள் போய்ச் சேலையொன்றைத் திரையாகக் கட்டிக்கொள்வார். ஆர்மோனியம் இல்லாத வகுப்பு. பிள்ளைகள் தொண்டையை மட்டும் நம்பி உரத்துப் பாடுவார்கள். பக்கத்துக் கொட்டிலில் நின்ற எனக்கு அந்தப் பாட்டின் வேகம் கூடுவதை வைத்தே ரீச்சர் வகுப்பில் இல்லை என்று தெரிந்துவிடும். சிறிது நேரத்தில் போத்தலுடன் வெளியே வருவார். நேராகப் பின்னால் நின்ற பூவரசுக்குப் போய் அதன் அடியில் பாலை ஊற்றுவார். பிறகு ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றுவார். தாய்ப்பாலில் எறும்பு மொய்த்தால் மார்பில் பால் வற்றிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

அவ்வளவு பாலையும் ஏன் ஊற்றினார் என்பதை அவரே எனக்குச் சொன்னார். கிளிநொச்சியில் இருந்தபோது, குண்டு விழுந்து பங்கர் அதிர்ந்த ஒரு மத்தியானம், அழுத பிள்ளையை அடக்க அங்கேயே மார்பில் போட்டிருக்கிறார். அன்று பொழுதுபடப் பிள்ளைக்கு வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. தாய் பயந்திருந்தால் பாலும் பயந்துவிடும், அதைக் குடிக்கிற பிள்ளைக்குப் பயம் இரத்தத்தில் இறங்கும் என்று அவருடைய ஊரில் சொல்வார்களாம். வெயிலால் வந்தவள் முதல் பாலைப் பீய்ச்சிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவாள் என்று எங்கள் பக்கத்திலும் உண்டு. ஆனால் எங்களுக்கு அது ஒரு நிமிட வேலை. அவருக்குப் பாடசாலையில் ஊறிய பால் முழுவதும் பயந்த பால். குண்டு போடும் கிபிர் விமானம் வந்த நாளில் மட்டுமல்ல, வராத நாளிலும்தான். வரும் வரும் என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்த உடம்பின் பால் அது என்பார். காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, மனம் ஆறிய பின்னும், உடனே இறங்கிவிடலாம் என்ற தைரியத்தில் இரவில் பங்கரின் வாசலோரம் படுத்திருந்தும் கொடுத்த பால்தான் அவர் கணக்கில் நல்ல பால். பகலில் பிள்ளைக்குக் கஞ்சியும் குரக்கன் கூழும்.

மாதம் ஒருமுறை வரும் மருத்துவிச்சி இதை அறிந்து ரீச்சரை ஏசினார். "பாலுக்கு என்ன தெரியும், கிபிரைத் தெரியுமோ? ஈரச்சாக்கில சுத்திக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குப் பருக்குங்கோ." ரீச்சர் தலை குனிந்தபடி, "நீங்கள் படிச்சனீங்கள் மிஸி. ஆனால் அவனுக்கு வலிப்பு இழுத்ததை நீங்கள் காணேல்லை" என்றார். அந்த அம்மா தராசை எடுத்துக்கொண்டு அடுத்த கொட்டிலுக்குப் போனார்.

சித்திரை முடிய எனக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. அந்த நாட்களில் வன்னியில் அது வராதவர்கள் குறைவு. நடுக்கமும் வியர்வையுமாகக் கிடந்து எழும்பியபோது மார்பு வெறும் தோலாக இருந்தது. பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். பால் ஊறவென்று முருங்கையிலை தின்றேன், பால்சுறா கிடைக்குமா என்று கணவர் அலைந்தார். சங்கக்கடையில் பால்மா வரும் நாள் யாருக்கும் தெரியாது. வந்தாலும் வரிசையின் பாதியில் முடிந்துவிடும். அரிசியை வறுத்து இடித்துக் கஞ்சி காய்ச்சிப் பருக்கினோம். அவள் அழுகை பூனைக்குட்டியின் சத்தமாகச் சிறுத்தது. மருத்துவிச்சி தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, வழக்கமாகச் சொல்லும் நிறையைச் சொல்லாமல் பிள்ளையை என் கையில் தந்தார். என் மகள் சாகப்போகிறாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மறுநாள் சரளிவரிசை வேகமெடுத்ததும் நான் என் வகுப்பை விட்டுவிட்டுப் பூவரசடியில் போய் நின்றேன். ரீச்சர் போத்தலுடன் வந்தார். அந்தப் பாலை எனக்குத் தாங்கோ என்று கேட்டேன்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? என்ர பிள்ளைக்குக் குடுக்காததை உங்கட பிள்ளைக்கு எப்பிடித் தாறது?"

"மரத்துக்கு ஊத்திறியள்தானே. மரத்துக்குப் பயம் வராதோ?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்த வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதார். "உங்கட பிள்ளை பயந்து பயந்து வளரும், ரீச்சர். பிறகு என்னை ஏசக்கூடாது."

"பயந்த பிள்ளையா வளரட்டும். வளந்தால் அதுவே காணும்."

போத்தலை என் கையில் வைத்தார். சூடாக இருந்தது. நான் வீட்டுக்கு ஓடினேன். கணவர் மடியில் வைத்திருக்க, சிறிய கரண்டியால் பருக்கினேன். முதல் கரண்டி கடைவாயால் வழிந்தது. அடுத்ததை அவள் விழுங்கினாள். அதற்கடுத்ததற்கு வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் போத்தல் என்னிடம் வந்தது. இரண்டு மூன்று வாரத்தில் அவள் கன்னத்தில் சதை வைத்தது. ஆனால் ரீச்சர் ஒவ்வொரு காலையும் சைக்கிளை நிறுத்தியதும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "இரவு பிள்ளை திடுக்கிட்டு முழிச்சவளோ?" நான் உள்ளதைச் சொன்னேன். ஓம், முழிச்சவள். தூரத்தில் செல் குண்டு விழுந்த சத்தத்துக்குக் கையை விரித்துக்கொண்டு அலறினவள். வன்னியில் எந்தப் பிள்ளைதான் அலறவில்லை? அதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் அந்த இரண்டாம் பகுதியைக் கேட்டதாகத் தெரியவில்லை. "பாத்தீங்களோ" என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போவார். ஒருநாளாவது, இல்லை, நல்லாய் நித்திரை கொண்டவள் என்று நான் சொல்லியிருந்தால் அவர் அந்தப் போத்தலை ஈரச்சாக்கில் சுற்றித் தன் வீட்டுக்கும் கொண்டு போயிருப்பாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. உண்மையால் யாருக்கும் கேடு வரும் என்று அப்போது நான் நினைத்ததும் இல்லை.

கோடை முற்றக் கிணறுகள் அடிதட்டின. வாளியில் தண்ணீரைவிடச் சேறுதான் கூட வந்தது. வயிற்றோட்டம் ஒவ்வொரு கொட்டிலாகப் புகுந்தது. ரீச்சரின் மகனுக்கு ஒரு காலையில் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சேலைன் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் மத்தியானம் அவன் போய்விட்டான். அது கஞ்சியாலா, கூழாலா, அதில் கலந்த தண்ணீராலா, வேறெதனாலாவதா என்று யாரும் சொல்ல முடியாது. பால் மட்டும் குடித்த பிள்ளைகளும் அந்தக் கோடையில் செத்தன. மருத்துவிச்சியே இதை என்னிடம் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

செத்தவீட்டுக்குப் போனேன். என் மகளைக் கொண்டுபோகவில்லை. ரீச்சர் சுவரோரம் இருந்தார். அவரிடமிருந்து மல்லிகைப்பூ மணந்தது. சாவீட்டில் என்ன பூ என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. பிள்ளையை இழந்தவளுக்குப் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள். கணவரின் தமக்கை கட்டியிருந்தார். பூவுக்கு மேலால் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். ரீச்சர் என் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகளுக்கு மறுபடியும் கஞ்சி. கணவர் எங்கோ அலைந்து அரைப் பைக்கற் பால்மா கொண்டுவந்தார். அதைக் கரைத்துக் கரைத்து, கடைசியில் நிறம் மட்டும் வெள்ளையாக இருந்த தண்ணீரைப் பருக்கினேன். எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிய ரீச்சர் வேலைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். மாமரத்தடிக்கு அவர் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? என் வகுப்பில் நின்று கரும்பலகையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். பதினொரு மணியிருக்கும். பக்கத்துக் கொட்டிலில் சரளிவரிசை தொடங்கியது. முதலில் மெதுவாக. பிறகு கேட்பாரில்லாத பிள்ளைகள் பாடும் அந்த வேகத்தில். நான் சோக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

களஞ்சியக் கொட்டிலில் இருந்து அவர் வெளியே வந்தார். பூவரசுப் பக்கம் திரும்பவில்லை. நேராக என் கொட்டிலுக்கு வந்து, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, பச்சை மூடிப் போத்தலை என் மேசையில் வைத்தார். அவரிடம் இன்னும் அந்த மல்லிகை மணம் இருந்தது.

"பூவைக் கட்டிவிட்டவை. நான் அவிட்டுப் போட்டன்" என்றார். நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையைத் தரவில்லை. குரல் உயராமல், பாடக்குறிப்பு வாசிப்பதுபோலச் சொன்னார்: "இனி எனக்குப் பயப்பிட ஒண்டுமில்லை, ரீச்சர். இது நல்ல பால். கொண்டுபோய்க் குடுங்கோ."

அதன் பிறகு அவர், பிள்ளை திடுக்கிட்டாளா என்று என்னை ஒருநாளும் கேட்கவில்லை. என் மகள் சோறு பிசைந்து தின்னும்வரை போத்தல் வந்துகொண்டிருந்தது. பிறகு கணவரைத் தேடி வவுனியாப் பக்கம் போனார் என்றார்கள். நாங்களும் இடம் மாறிக்கொண்டே இருந்தோம். கடைசியாகத் தந்த போத்தலைத் திருப்பிக் கொடுக்கக் கிடைக்கவில்லை. அதைப் பல இடத்துக்குத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். பின்னாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தபோது அதுவும் எங்கோ போனது.

என் மகள் இப்போது வவுனியாவில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். அவளுக்கு ஒரு மகன். வங்கியில் கதவு பூட்டக்கூடிய சிறிய அறை இருக்கிறதாம். மின்சாரத்தில் இயங்கும் சின்ன இயந்திரத்தால் பாலை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மாலையில் கொண்டுவருகிறாள். அவள் வாசற் படலையடியில் யாராவது சத்தமாகக் கூப்பிட்டாலே தூக்கிவாரிப்போட்டு நெஞ்சைப் பிடிப்பவள். எதற்கு இப்படி என்று அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

சென்ற வாரம் ஒருநாள் வழக்கத்தைவிட நேரத்தோடு வந்தாள். வங்கிக் கூரைக்கு மேலால் விமானம் ஒன்று மிகத் தாழப் பறந்ததாம். மேசைக்குக் கீழே குனிந்துவிட்டாளாம், மற்றவர்கள் சிரித்தார்களாம். "வெக்கமாப் போச்சுதம்மா. பயம் இன்னும் போகேல்லை" என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்து பால் போத்தலை என்னிடம் தந்துவிட்டுக் குளிக்கப் போனாள். பேரன் தொட்டிலில் கிடந்து அழத் தொடங்கியிருந்தான். நான் போத்தலைப் பிடித்தபடி குசினிக் கதவால் பின்வளவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படித்தவள் நான். பாலுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் குரல் உடையும்வரை என்னால் அசைய முடியவில்லை.

பிறகு சூடாக்கி, முழுவதையும் கொடுத்தேன். குடித்துவிட்டு அவன் தூங்கினான். நான் போத்தலை அலசி, அந்தத் தண்ணீரைக் குசினித் தொட்டியில் ஊற்றாமல் வெளியே கொண்டுபோய் வேலியோரத்துப் பூவரசின் அடியில் ஊற்றினேன். எறும்பு வராதபடி ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றினேன்.